சமூக உதவி ரோபோ ஆய்வு: வெளிநாடா, பெங்களூரா, நாகர்கோவிலா?

குமரி மாவட்டத்தில் பொறியியல் முடித்து, சமூக உதவி ரோபோக்களில் முனைவர் பட்டம் பெற விரும்பும் மாணவருக்கு மூன்று வழிகள் உள்ளன: வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம் அல்லது ஐ.ஐ.டி., உள்ளூர்க் கல்லூரியில் கற்பித்தபடியே பகுதிநேர ஆய்வு. இவற்றை உதவித்தொகையை வைத்து ஒப்பிடுவது வழக்கம். இத்துறைக்கு அந்த அளவுகோல் போதாது.

2005ஆம் ஆண்டு டேவிட் ஃபைல்-சைஃபரும் மாயா மதாரிச்சும் இத்துறைக்கு வரையறை எழுதியபோது, உடலைத் தாங்கித் தூக்குவதால் அல்லாமல், பேச்சாலும் சைகையாலும் உடனிருப்பாலும் உதவும் ரோபோ எனப் பிரித்துக் காட்டினர். ஆகவே இங்கே கிடைத்தற்கரியது இயந்திரமன்று. அதனோடு பல நாள் பழகச் சம்மதிக்கும் மனிதர்களே. யேல் பல்கலைக்கழகத்தின் பிரையன் ஸ்காசெல்லாட்டி குழு 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள 12 குழந்தைகளின் வீடுகளில் ஒரு மாதம், நாளுக்கு அரைமணி நேரம் ரோபோ இயங்கியது. பன்னிரண்டே குழந்தைகள்தாம்; ஆனால் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, அவரவர் வீட்டில் நடந்தது என்பதே அதன் பெருமதிப்பு.

வெளிநாட்டின் வலிமை கூட்டு உழைப்பில் உள்ளது. உளவியலாளர், சிகிச்சையாளர், பொறியாளர் ஆகியோர் ஒரே திட்டத்தில் பணியாற்றும் மரபு அங்கே வேரூன்றியிருக்கிறது. அமெரிக்காவில் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். நெதர்லாந்தில் முதுகலைக்குப் பின் சுமார் நான்கு ஆண்டுகள், அதுவும் பெரும்பாலும் ஊதியம் பெறும் ஊழியராக. ஆனால் ஆய்வில் பங்குபெறும் முதியவர்களும் குழந்தைகளும் அந்நாட்டினர். ரோபோ பேசக் கற்பதும் அவர்கள் மொழியையே.

மொழி இங்கே சிறிய விஷயமன்று. விளவங்கோடு பகுதியில் ஒரு பாட்டி 'வெள்ளம் வேணும்' என்றால் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார் என்று பொருள். நினைவு தப்பியதை 'ஓர்மை இல்லை' என்பார். மறதி நோயாளிக்குத் துணையாக வைக்கப்படும் ரோபோவுக்கு இந்த இரண்டு சொற்களும் புரியாவிட்டால், அதன் கருணை மிகுந்த குரலால் யாருக்குப் பயன்? பிள்ளைகள் வளைகுடாவில் இருக்க, பெற்றோர் தனித்து வாழும் வீடுகள் மிகுந்த இம்மாவட்டமே இக்கேள்விகளுக்குச் சரியான களம் என்பது என் உறுதியான கருத்து.

களம் இருப்பதால் மட்டும் உள்ளூர்ப் பகுதிநேர ஆய்வு சிறந்ததாகிவிடாது. வகுப்பும் விடைத்தாளும் போக மிஞ்சும் மாலைகளில் நீண்டகால வீட்டு ஆய்வு நடத்துவது மிகக் கடினம். மேலும் நோயுற்றோரையும் குழந்தைகளையும் ஆய்வில் சேர்க்க நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மருத்துவமனையோடு தொடர்பில்லாத கல்லூரிகளில் அதைப் பெறவே பல மாதங்கள் கழியலாம்.

எனவே, பெங்களூரிலோ சென்னையிலோ முழுநேரமாகச் சேர்ந்து, களத்தைக் குமரியில் அமைத்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். 2023 முதல் மத்திய அரசின் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், முதுநிலையில் 42,000. வீட்டு வாடகைக்கே ஒரு பெரும்பகுதி போகுமென்றாலும், முழுநாளும் ஆய்வுக்கே கிடைக்கிறது. அமிர்தா பல்கலைக்கழகம் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, கேரளத்தின் வயநாட்டுப் பள்ளியொன்றில் கைகழுவப் பழக்கும் 'பெப்பே' ரோபோவைச் சோதித்தது. கிராமப்புறக் களமும் வெளிநாட்டுக் கூட்டும் ஒன்றுசேர முடியும் என்பதற்கு அது சான்று.

ரோபோவைத் தேர்ந்தெடுக்கையில் ஓர் எச்சரிக்கை. 2019இல் ஜிபோ என்னும் வீட்டு ரோபோவின் சேவையகங்கள், அதாவது இணையம் வழியே அதற்குத் துணைநின்ற நிறுவனக் கணினிகள், நிறுத்தப்படுவதாக அறிவிக்கப்பட்டது. 2024 இறுதியில் குழந்தைகளுக்கான மாக்சி ரோபோவைத் தயாரித்த நிறுவனம் மூடப்படுவதாக அறிவித்தது. நிறுவனத்தின் சேவையகத்தை மட்டுமே நம்பும் கருவியின் மேல் ஐந்தாண்டு ஆய்வைக் கட்டக் கூடாது.

நிறுவனத்தின் பெயரைவிட வழிகாட்டியே முக்கியம். நேர்முகத்தில் அவரிடம் கேட்கவேண்டியது இது: 'மூன்றாம் ஆண்டில் ஆறு மாதம் மார்த்தாண்டம் பக்கத்து வீடுகளில் தங்கி ஆய்வு செய்ய அனுமதிப்பீர்களா?'