ஸ்லீவா, பைபாஸா? மாத்திரை டப்பாவைப் பார்த்து எடுத்த முடிவு

என் உயரம் 158 செ.மீ. மூன்று வருடத்துக்கு முன் எடை 104 கிலோ. எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைதான் வழி என்று ஆனபோது, வீட்டிலேயே எனக்கு ஒரு முன்மாதிரி இருந்தார். அதற்கு இரண்டு வருடம் முன்பே அக்காவுக்கு பைபாஸ் ஆகியிருந்தது. (பைபாஸ் என்றதும் இதயம் என்று நினைத்து, சர்க்கரை நோயாளியைப் பார்க்க ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்த சொந்தக்காரர்கள் தனிக் கதை.) ஆனாலும் நான் இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ஸ்லீவ்தான் செய்துகொண்டேன்.

வேறு வழிகளையும் பார்த்தேன். இரைப்பையைச் சுற்றிப் பட்டை போடும் முறையை இப்போது அநேகமாக யாரும் செய்வதில்லை. இரைப்பைக்குள் பலூன் வைப்பது அறுவை சிகிச்சையே அல்ல, சில மாதங்களில் அதை எடுத்துவிடுவார்கள். மினி பைபாஸில் குடலை ஒரே இடத்தில் இணைப்பதால் வேலை சீக்கிரம் முடியும். பித்தநீர் மேலே ஏறும் வாய்ப்பு உண்டு என்றார்கள். அதோடு அதை விட்டுவிட்டேன்.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கும் பகுதியும் சேர்ந்தே போய்விடுவதால் பசி அடங்குகிறது. குடலில் கை வைப்பதில்லை. பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியில் சிறு பை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேரே இணைப்பார்கள். சாப்பாடு, சிறுகுடலின் தொடக்கமான முன்சிறுகுடலைத் தொடாமலே போய்விடும்.

எனக்கு முடிவைச் சொன்னது அந்த முன்சிறுகுடல்தான். இரும்புச்சத்தை உடம்பு பெரும்பாலும் உறிஞ்சுவது அங்கேதான். நான் சைவம். கல்லூரி நாளிலிருந்தே ஹீமோகுளோபின் 9, 10 என்று இழுபறி. அந்த வழியையே அடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அக்காவின் மாத்திரை டப்பாவே பதில். காலையில் இரும்பு, அதை ஒட்டி காபி கூடாது. கால்சியம் இரண்டு வேளை, அதுவும் சிட்ரேட் வகை. இரும்புக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி. அப்புறம் மல்டிவிட்டமின், டி3, மாதம் ஒரு பி12 ஊசி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. இதெல்லாம் ஒரு வருடத்துக்கு அல்ல, ஆயுசுக்கும். இரண்டாம் வருடம் அக்கா கொஞ்சம் அசட்டையாக இருந்தார். ஹீமோகுளோபின் 8-க்கு இறங்கி, இரும்பை டிரிப்பாக ஏற்ற வேண்டியதாயிற்று. முட்டிவலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் டைக்லோஃபெனாக்குக்கும் தடை. இணைத்த இடத்தில் புண் வந்துவிடும்.

ஸ்லீவில் மாத்திரையே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கும் மல்டிவிட்டமின், பி12, இரும்பு எல்லாம் உண்டு. ஆனால் குடல் முழுசாக இருப்பதால் போடுகிற இரும்பு ஒட்டுகிறது. ஒரு வாரம் மறந்தாலும் பெரிதாக அடிவாங்கவில்லை. நான் மறக்கிறவள் என்பது எனக்குத் தெரியும். என் குணத்துக்கு ஏற்றதைத்தான் தேர்ந்தெடுத்தேன். இப்போது ஹீமோகுளோபின் 11.4.

எடைக் கணக்கில் அக்கா கொஞ்சம் முன்னால். நான் 68 வரை இறங்கி, 72-க்கு ஏறி நிற்கிறேன். சர்க்கரையில் பேச்சே இல்லை, பைபாஸ்தான். இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த அக்கா இப்போது ஒரே ஒரு மாத்திரையில் இருக்கிறார். எனக்கும் பல வருடச் சர்க்கரை இருந்திருந்தால் அந்த மாத்திரை டப்பாவோடு மல்லுக்கட்டியிருப்பேன். இன்னொன்று, பைபாஸ் இனிப்புக்குத் தானாகவே காவல் வைக்கிறது. கல்யாண வீட்டில் ஒரு ஜாங்கிரியை முழுசாகச் சாப்பிட்டுவிட்டு, வியர்த்து, நெஞ்சு படபடத்து, மண்டபத்துப் பாயில் படுத்துவிட்டார் அக்கா. எனக்கு ஜாங்கிரி சிரமமே இல்லாமல் இறங்குகிறது. அந்த நாலு கிலோ எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

ஸ்லீவின் பெரிய குறை நெஞ்செரிச்சல். ஏற்கெனவே எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு அது கூடலாம். இல்லாதவர்களுக்குப் புதிதாகவும் வரலாம். ஏற்கெனவே உள்ளவர்களுக்குப் பைபாஸே மேல். அறுவைக்கு முன் எண்டோஸ்கோபி செய்து பார்த்தபோது எனக்கு எல்லாம் சுத்தமாக இருந்தது. போன வருடத்திலிருந்து, எட்டு மணிக்கு மேல் சாப்பிட்டால் புளித்த ஏப்பம் வருகிறது. ஏழு மணிக்கே இரண்டு இட்லியோடு முடித்துக்கொள்கிறேன். மூன்று வருட அனுபவத்தை வைத்துப் பத்தாம் வருடத்தைப் பற்றி நான் பேச முடியாது. எரிச்சல் முற்றினால் ஸ்லீவைப் பைபாஸாக மாற்ற வழி இருக்கிறது. வெட்டி எடுத்த இரைப்பை மட்டும் திரும்பாது. அடுத்த எண்டோஸ்கோபி தை மாதம்.