முரங்காவில் காப்பியா, அவகாடோவா?

கென்யாவில் நைரோபிக்கு வடக்கே முரங்கா மாவட்டத்தில் காப்பியைப் பிடுங்கிவிட்டு ஹாஸ் ரக அவகாடோ வைப்பது சில ஆண்டுகளாகவே நடக்கிறது. என் மாமியாரின் நிலத்திலும் அதே கேள்வி வந்தது. வீட்டில் பேசி, காப்பியை வைத்துக்கொண்டோம். வேலியோரம் மட்டும் ஹாஸ் கன்றுகள் நட்டோம்.

அவகாடோவின் நன்மைகள் ஊருக்கே தெரிந்தவை. ஒட்டுக்கன்று 3 ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். மருந்துச் செலவு குறைவு, ஆள்கூலி குறைவு. தரகர் தோட்டத்துக்கே வந்து காயை எண்ணி, எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவையில் பணம் போட்டுவிடுவார். 2022-இல் சீனா கென்யாவின் உறைய வைக்காத புதுப் பழத்துக்கும் கதவு திறந்தது.

காப்பியில் வேலை அதிகம், அதை மறைக்க முடியாது. கவாத்து, களை, காய் அழுகலுக்கு மருந்து, அப்புறம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பழுத்ததை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறிக்க வேண்டும். பணமும் தாமதம். 1989-இல் ஒவ்வொரு நாட்டுக்கும் ஏற்றுமதி அளவு ஒதுக்கிய உலகக் காப்பி ஒப்பந்தம் உடைந்து விலை விழுந்ததிலிருந்து இங்கே மூன்று தலைமுறை ஏமாற்றம் உண்டு. ஒரு காலத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் டன்னைத் தாண்டிய கென்ய விளைச்சல் இப்போது அதில் பாதி அளவுதான். பிடுங்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனாலும் எங்கள் முடிவை எடுக்க வைத்தது ஒரே விஷயம்: விளைந்தது காத்திருக்குமா?

அவகாடோ காத்திருக்காது. மரத்தில் கொஞ்ச நாள் விட்டுவைக்கலாம். பறித்த பிறகு குளிர்ப்பெட்டியில் ஏற்றி, மொம்பாசா துறைமுகம் போய், ஐரோப்பா சேரும்வரை ஒவ்வொரு நாளும் கணக்கு. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட, சரக்குகள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. வழி நீண்டது, பழம் கனிந்தது, அந்த நஷ்டம் தோட்டத்து விலையில் வந்து இறங்கியது. அப்போது விவசாயி கையில் பேரம் பேச எதுவும் இல்லை. தரகர் சொன்ன விலை, இல்லையென்றால் எண்ணெய் ஆலையின் குறைந்த விலை. முற்றாத காய் ஏற்றுமதியாகாமல் இருக்க ஆண்டுக் கடைசியில் அரசு அறுவடைத் தடை போடுவது நல்லதுதான். ஆனால் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய ஜனவரி மாதமும் பெரும்பாலும் அந்தத் தடைக்குள்ளேயே வந்துவிடுகிறது.

காப்பிப் பழத்தைக் கூட்டுறவுச் சங்க ஆலைக்கு அன்றன்றே கொண்டுபோக வேண்டும் என்பது உண்மை. ஆனால் பல்ப்பரில் தோலுரித்து, புளிக்க வைத்து, மேசைகளில் காய்ந்து பார்ச்மென்ட், அதாவது உள்ஓட்டோடு உலர்ந்த கொட்டை, ஆகிவிட்டால் அது மாதக்கணக்கில் தாங்கும். இந்த வார நைரோபி ஏலத்தில் விலை மட்டமென்றால் அடுத்த வாரம் வைக்கலாம். அந்த முடிவு விவசாயி கையில் இல்லை, சங்கத்தின் கையில்தான். அதனால் சங்க நிர்வாகம் சரியில்லாத இடத்தில் இந்த வாதம் பாதி வலுவிழந்துவிடும். ஆலைக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் பழத்தை அப்படியே வீட்டில் காயவைத்து 'ம்புனி'யாக விற்கலாம். விலை குறைவு, ஆனால் அழுகிப் போகாது. 2023-க்குப் பிறகு ஏலப் பணத்தை நேரடியாக விவசாயி கணக்குக்கே அனுப்பும் முறையும் வந்திருக்கிறது. 2025 தொடக்கத்தில் உலகச் சந்தையில் அராபிகா வகைக் காப்பியின் விலை உச்சம் தொட்டது எங்களுக்குத் தெம்பு தந்தது. அந்த விலை நிற்கும் என்று நினைத்து இந்த முடிவை எடுக்கவில்லை.

காய் அழுகலுக்குத் தீர்வு ரகத்தில் இருக்கிறது. பழைய எஸ்எல் 28-இன் சுவைக்கு வாங்குபவர்கள் தனியாக விலை தருகிறார்கள், ஆனால் நோய்க்கு எளிதில் பணியும். 1985-இல் வந்த ருயிரு 11-உம் 2010-இல் வந்த பாட்டியனும் நோயைத் தாங்குபவை. நல்ல வேருள்ள பழைய செடிகளை வெட்டிவிட்டு அதே அடிமரத்தில் பாட்டியன் ஒட்டுக் கட்டுகிறோம். புதுக்கன்றுக்குக் காத்திருப்பதைவிட இதில் சீக்கிரம் பலன் கிடைக்கும்.

எங்கள் ஹாஸ் மரங்கள் இன்னும் முழுக் காய்ப்புக்கு வரவில்லை. அவகாடோ விலை பற்றி இங்கே சொன்னது அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் பார்த்ததை வைத்துத்தான். பறிக்க ஆள் கிடைக்காத வயதானவர்கள், அருகில் நம்பிக்கையான சங்கம் இல்லாதவர்கள் அவகாடோ பக்கம் போவதே சரி. ஆனால் அவர்களும் கன்று நடும் முன்பே ஒரு ஏற்றுமதியாளரிடம் எழுத்தில் ஒப்பந்தம் பேசிக்கொள்வது நல்லது.