கரி மூட்டும் சிம்னியும் அதன் கைப்பிடியும்

கரி அடுப்பு வாங்கப்போகும் நண்பர் ஒருவர், கரியை மூட்டுவதற்கு எது நல்லது என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்ட வாரம்தான் என்னுடைய சிம்னியின், அதாவது கரியை உள்ளே போட்டு மூட்டும் தகரக் குழலின், கைப்பிடியை முழுவதும் கழற்றி, போல்ட் போட்டு மறுபடியும் மாட்டினேன். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் பல ஆண்டுகளாக என்னோடு உழைத்த பொருள் என்பதால் நியாயத்தை விட்டுக்கொடுக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

மேலே கரி, கீழே தாள், நடுவில் ஒரு கம்பித்தட்டு. சிம்னியின் அமைப்பு இவ்வளவுதான். இதை மிஞ்சும் முறை ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. சூடான காற்று குழலுக்குள் மேலே ஏற, அடியில் உள்ள துளைகள் வழியாகப் புதுக்காற்று தானாகவே உள்ளே இழுக்கப்படுகிறது. நெருப்பு வளர வளர இழுப்பும் வளர்கிறது. விசிற வேண்டாம், ஊத வேண்டாம், பக்கத்தில் நிற்கக்கூட வேண்டாம். 15 முதல் 20 நிமிடங்களில் அடிக்கரி செந்தணலாகி, மேல்கரியின் ஓரங்களில் நீறு பூத்துவிடும். அச்சில் வார்த்த கரிக்கட்டிகளைவிட, வெட்டிய மரத்துண்டின் வடிவிலேயே இருக்கும் இயற்கைக் கரி இன்னும் சீக்கிரம் பற்றும்.

தாள் வைப்பதில் மட்டும் கொஞ்சம் பக்குவம் வேண்டும். இறுக்கித் திணித்தால் காற்றுக்கு வழியில்லாமல் புகைந்து அணைந்துவிடும். இரண்டு தாள்களைத் தளர்வாக முறுக்கி, நடுவில் இடைவெளி விட்டு வளையமாக வையுங்கள். சமையல் எண்ணெய் சில சொட்டு தெளித்தால் தாள் திரிபோல நின்று எரியும். காற்று வீசும் நாளில் தாளின் சாம்பல் பறந்து எங்கும் படிகிறது. அன்றைக்கு மெழுகுக் கட்டி ஒன்று போதும், எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. சிம்னியைச் சிமென்ட் தரையில் வைத்து மூட்டாதீர்கள். தரைக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி, மேற்பரப்பு வெடித்துப் பெயரும். அடுப்பின் கரித்தட்டே அதற்குச் சரியான இடம்.

நான் எதிர்பார்க்காமல் கிடைத்த இன்பம் ஒன்றும் உண்டு. இருட்டில் மூட்டிப் பாருங்கள். மஞ்சள் சுவாலை ஓய்ந்த பிறகு, கரியின் மேல் நீலநிறத்தில் மெல்லிய சுவாலைகள் ஒட்டாமல் மிதந்து ஆடும். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு எரிவதுதான் அந்த நீலம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. எரியாமல் தப்பும் அதே வாயு ஆளைக் கொல்லும் என்பதால், வீட்டுக்குள்ளோ வண்டி நிறுத்தும் கொட்டகைக்குள்ளோ கரியை ஒருபோதும் மூட்டக்கூடாது. கதவைத் திறந்து வைத்தாலும் கூடாது.

இவ்வளவு நல்ல பொருளுக்கு இவ்வளவு மோசமான கைப்பிடியை வைக்க எப்படி மனம் வந்தது? தணல் தயாரானதும் சிம்னியைத் தூக்கிச் சாய்த்துக் கொட்ட வேண்டும். இந்த முறையில் ஆபத்தான நொடி அது ஒன்றுதான். அந்த நொடியில் முழுப் பாரத்தையும் தாங்குபவை மெல்லிய தகரத்தில் அடித்த சில சின்ன ரிவிட்டுகள். ஒவ்வொரு முறை மூட்டும்போதும் தகரம் சூட்டில் விரிகிறது, ஆறும்போது சுருங்குகிறது. நாளடைவில் ரிவிட் உட்கார்ந்த துளை அகன்று விடுகிறது. பிறகு கைப்பிடி ஆடத் தொடங்குகிறது. நாம் வலப்பக்கம் சாய்த்தால் குழல் ஒரு கணம் தயங்கி, அப்புறம் திடீரென்று கவிழ்கிறது. பாதித் தணல் அடுப்பில், இரண்டொரு துண்டு காலடியில்.

சூடு கையில் படாமல் இருக்க ஒரு தடுப்புத் தகடு வைத்திருக்கிறார்கள். அது கைப்பிடியின் மேல் முனை வரை எட்டவில்லை. ஆள்காட்டி விரலுக்கு நேராகத் தகரம் செவ்வொளி வீசிக்கொண்டு நிற்கிறது. தடித்த தோல் கையுறை இல்லாமல் நான் இதைத் தொடுவதே இல்லை. கரி மூட்டுவதற்கென்றே செய்து விற்கும் பொருள், கரியின் சூட்டைத் தாங்கும்படி இருக்க வேண்டும் என்று கேட்பது பேராசையா? கீழே உள்ள கம்பித்தட்டு வளைந்ததைக்கூட நான் மன்னிப்பேன். அது நெருப்புக்குள்ளேயே கிடப்பது, தேயத்தான் செய்யும். கைப்பிடி வெளியே இருக்கிறது. அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

பழுது பார்க்க நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். பழைய ரிவிட்டைத் துளைக்கருவியால் குடைந்து எடுத்துவிட்டு, துருப்பிடிக்காத எஃகு போல்ட் போடுங்கள். துத்தநாகம் பூசியது வேண்டாம். துத்தநாகம் சுமார் 420 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், எரியும் கரியின் சூடு அதைவிட மிக அதிகம். போல்ட்டின் தலை குழலுக்கு உள்பக்கம் இருக்கட்டும், அப்போதுதான் கொட்டும்போது கரி தடுக்காமல் வழுக்கி வரும். துளை அகன்றிருப்பதால் இரண்டு பக்கமும் அகலமான வாஷர் தேவை. நட் தளராமல் இருக்க உள்ளே நைலான் வளையம் வைத்த வகையைக் கடையில் கொடுப்பார்கள். அந்த நைலான் இந்தச் சூட்டில் நிற்காது. முழுவதும் உலோகத்தால் ஆன பூட்டு நட்டையே கேட்டு வாங்குங்கள். இப்போது என் கைப்பிடி அசைவதில்லை. உற்பத்தி செய்தவர்கள் முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை இது.

மற்ற முறைகளில், மூட்டும் திரவத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது பெட்ரோலிய எண்ணெய். முழுவதும் எரிந்து தீரும் முன் சமைத்தால் அந்த வாடை உணவில் ஏறும். கங்கு இருக்கும் கரியின் மேல் அதை ஊற்றினால் நெருப்பு திரவத்தின் வழியே புட்டி வரை ஓடி வரலாம். பீங்கான் சுவர் கொண்ட அடுப்புகளில் அது சுவரிலேயே ஊறித் தங்கிவிடும். திரவத்தில் ஊறவைத்தே விற்கும் கரிக்கட்டிகளும் அப்படித்தான். புகையில் மெதுவாகச் சமைக்கும் ஸ்மோக்கர் அடுப்புக்கு அவை அறவே ஆகாது. அந்த அடுப்பில் பயன்படும், ஜிம் மினியன் என்பவர் பெயரால் அறியப்படும் முறையில், மூட்டாத கரிக்குவியலின் மேல் கொஞ்சம் தணலை மட்டும் வைப்பார்கள். மீதிக் கரி மணிக்கணக்கில் ஒவ்வொன்றாகப் பற்றும். ஒவ்வொரு கட்டி பற்றும்போதும் அந்த எண்ணெய்ப் புகை வந்தால் சமையல் என்னவாகும்?

மின்சாரத்தில் இயங்கும் சூடான காற்றுக் கருவியைச் சில காலமாகச் சிம்னியோடு சேர்த்துப் பயன்படுத்துகிறேன். முனையைக் கரியில் ஒட்டி வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் பொறி பறக்கும். பிறகு கொஞ்சம் பின்னே இழுத்து, நெருப்பைப் பரவ விட வேண்டும். இரைச்சல் அதிகம், மின்கம்பி எட்டும் தூரத்தில்தான் அடுப்பு இருக்க முடியும், கை வலிக்கப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இயற்கைக் கரியில் பொறிகள் தாராளமாகவே தெறிக்கும், கண்ணாடி அணியாமல் கிட்டே போகாதீர்கள். நிறையக் கரியை ஒரே சீராக மூட்டுவதில் சிம்னியின் பக்கத்தில்கூட இது வராது. ஆனால் கரியை அது கிடக்கும் இடத்திலேயே மூட்டுகிறது. எதையும் தூக்க வேண்டாம், எதையும் கொட்ட வேண்டாம்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: சூடான காற்றுக் கருவியையே வாங்குங்கள். சிம்னிதான் சிறந்தது என்று மேலே எழுதியதில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் ஆடும் கைப்பிடியில் செந்தணலைத் தூக்கிக்கொண்டு நடக்கும்படி இன்னொருவருக்குச் சொல்ல எனக்கு இப்போது மனமில்லை. அதையும் மீறிச் சிம்னிதான் வேண்டும் என்றால், கடையில் கைப்பிடியை ஒரு கையாலும் குழலை மறு கையாலும் பிடித்து நன்றாகத் திருகிப் பாருங்கள். புதிதிலேயே இம்மியளவு அசைந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அசையவில்லை என்றால், குழலுக்குள் கைவிட்டு அது ரிவிட்டா போல்ட்டா என்று தடவிப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.