மூன்றாம் வகுப்புக்கு மாமல்லபுரம், ஐந்தாம் வகுப்புக்குத் தரங்கம்பாடி

கடலூரிலிருந்து வடக்கே போனால் மாமல்லபுரம், தெற்கே போனால் தரங்கம்பாடி. முன்னது சுமார் 120 கிலோமீட்டர், பின்னது 100 வரும். விடியற்காலையில் வேன் கிளம்பினால் இரண்டிலிருந்துமே இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். பொங்கல் விடுமுறை முடிந்ததும் எங்கள் தொடக்கப்பள்ளியில் இந்தப் பேச்சு எழும்: பிள்ளைகளை இந்த வருடம் எங்கே அழைத்துப் போவது? இரண்டு ஊருக்கும் அழைத்துப் போனவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

புதுச்சேரி எங்கள் பிள்ளைகளுக்குப் பக்கத்து ஊர். பாதிப் பேர் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். பூம்புகாரைச் சிலர் சொல்வார்கள். கதை பெரியது, ஆனால் பழைய பட்டினம் கண்ணுக்குத் தெரியாது. எட்டு வயதுப் பிள்ளைக்குக் கடலைக் காட்டி "இங்கேதான் இருந்தது" என்றால், அது எதைப் பிடித்துக்கொள்ளும்?

மாமல்லபுரத்தில் அந்தக் கவலையே இல்லை. அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு முன்னால் பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டு நான் பேசாமல் இருந்துவிடுவேன். கிட்டத்தட்ட 30 மீட்டர் நீளப் பாறை அது. முதலில் யானையைப் பார்ப்பார்கள், பிறகு அதன் காலடியில் குட்டிகளை. கொஞ்ச நேரத்தில் யாராவது ஒரு பிள்ளை, "டீச்சர், பூனை ஒத்தக்கால்ல நிக்குது!" என்று கத்தும். அருகில் எலிகள். பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானும் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு அன்றைய நாள் முழுக்கப் பெருமை. பல்லவர், ஏழாம் நூற்றாண்டு என்பதெல்லாம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

ஐந்து ரதங்களில் நகுல சகாதேவ ரதத்தின் பின்பக்கத்துக்கு நேரே அழைத்துப் போங்கள். பக்கத்தில் நிற்கும் கல் யானையின் முதுகையும் ரதத்தின் முதுகையும் மாறி மாறிப் பார்க்கச் சொல்லுங்கள். 'தூங்கானை மாடம்', அதாவது தூங்கும் யானையின் முதுகு போன்ற வடிவம், என்ற சொல்லை அங்கே ஒரு முறை சொன்னால் போதும், மறக்கவே மாட்டார்கள். மேலிருந்து கீழாகச் செதுக்கினார்கள் என்பதையும் முடிக்காமல் விட்ட அடிப்பகுதிகளைக் காட்டியே புரியவைக்கலாம். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவுக்கட்டணம் கிடையாது என்பது எங்களைப் போன்ற பள்ளிகளுக்குப் பெரிய உதவி.

குறை என்றால் கூட்டமும் வெயிலும்தான். ஒரு முறை கடற்கரைக் கோவிலில் எங்கள் பையன் ஒருவன் வேறொரு பள்ளியின் வரிசையில் போய் நின்றுவிட்டான். அவர்களுக்கும் அதே நிறச் சீருடை. பத்து நிமிடம்தான், ஆனாலும் எனக்கு உயிரே போய்விட்டது. அதிலிருந்து எல்லாப் பிள்ளைகளின் கையிலும் மஞ்சள் கைக்குட்டை கட்டாமல் வேனிலிருந்து இறக்குவதில்லை. இன்னொன்று, எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்ட ஆசைப்படாதீர்கள். ரதங்கள் இருக்கும் இடத்தில் நிழல் குறைவு, மணல் சுடும். அதைக் காலையிலேயே முடித்துவிட்டுத் தபசுப் பாறைக்கு வரலாம். வெண்ணெய் உருண்டைப் பாறை அங்கேயே பக்கத்தில்தான். கடற்கரைக் கோவிலைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தரங்கம்பாடி வேறு மாதிரி. 1792-ல் கட்டிய நுழைவாயிலைத் தாண்டினால் ராஜா வீதி நேராகக் கடலை நோக்கிப் போகிறது. வழியில் 1701-ல் எழுந்த சீயோன் ஆலயம், 1718-ல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயம், கடைசியில் டென்மார்க்கிலிருந்து வந்த டேனியரின் கோட்டை. எல்லாம் நடக்கிற தூரம். வண்டி நடமாட்டம் குறைவு, பிள்ளைகளை எண்ணுவது எளிது. ஆனால் இங்கே கல் தானாகப் பேசாது, நாம்தான் பேசவேண்டும். தஞ்சை இரகுநாத நாயக்கர் 1620-ல் டேனியருக்கு இடம் கொடுத்ததும், 1845-ல் அவர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனதும் மூன்றாம் வகுப்புக்குக் காதில் விழாது. ஐந்தாம் வகுப்போ, "ஊரை எப்படி டீச்சர் விக்க முடியும்?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகவே அவர்களை அங்கே அழைத்துப் போகலாம்.

எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்தது சீகன்பால்குவின் கதை. 1706-ல் ஜெர்மனியிலிருந்து வந்த கிறிஸ்தவ மதபோதகர் அவர், சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் படித்தார். பிறகு அச்சுக்கூடம் வந்தது. ஜெர்மனியில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்ததால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. இதைச் சொல்லிவிட்டு, பையில் இருக்கும் தமிழ்ப் புத்தகத்தை எடுக்கச் சொல்வேன். எழுத்தைத் தடவிப் பார்ப்பார்கள். மாசிலாமணி நாதர் கோவிலையும் விட்டுவிடாதீர்கள். 1306-ல் பாண்டியர் காலத்தில் கட்டியது, ஒரு பகுதியைக் கடல் தின்றுவிட்டது. கடல் நிலத்தை அரிக்கும் என்ற பாடத்துக்கு அதைவிட நல்ல சான்று எங்கே கிடைக்கும்?

அசௌகரியங்களும் இருக்கின்றன. நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட இடம் கிடைப்பது சிரமம்; புளிசாதமும் தண்ணீரும் கட்டிக்கொண்டு போய்விடுங்கள். கழிவறைக்கு வழியிலேயே ஒரு முறை நிறுத்திவிடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் போகவே வேண்டாம்.

கடல் விஷயத்தில் இரண்டு ஊருக்கும் ஒரே சட்டம்தான்: யாரும் கால் நனைக்கக்கூடாது. இரண்டு இடத்திலும் அலை வலுவானது. பிள்ளைகள் கெஞ்சும்போது மனசு இளகும், ஆனாலும் விடக்கூடாது. பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கை நான் குறைத்ததே இல்லை.

சரி, இந்த வருடம்? சின்ன வகுப்புகளுக்கு மாமல்லபுரம் என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன். ஐந்தாம் வகுப்பு தரங்கம்பாடி போகிறது. கிளம்புவதற்கு முதல் நாள் பள்ளி மைதானத்தில் மணல் பரப்பி, ஆளுக்கு ஒரு பிடி இடத்தில் விரலால் 'அ' எழுதவைக்கப்போகிறோம்.