சூடானா கரகர: கூலிங் ஸ்ப்ரேயா, ஹேர் ட்ரையரா, மொத்தமா மாத்திடறதா?

ஆன் பண்ணதும் அருமையா பாடும், அரை மணி நேரம் ஓடினப்புறம் லெஃப்ட் சேனல்ல கரகரன்னு ஆரம்பிக்கும், மேல்மூடியக் கழட்டினா காத்து பட்டு தானா சரியாயிடும். 1970கள்ல வந்த ஜப்பான் ஆம்ப்ளிஃபையர் வச்சிருக்கறவங்களுக்கு இந்த வியாதி புதுசு இல்ல. கோளாறான டிரான்சிஸ்டரக் கண்டுபிடிக்க என் செட்டுக்கு நான் கூலிங் ஸ்ப்ரேதான் (பார்ட்ட டக்குன்னு குளிர வைக்கற டப்பா ஸ்ப்ரே) பிடிச்சேன், அதனால நடுநிலையெல்லாம் எதிர்பாக்காதீங்க.

எல்லா டிரான்சிஸ்டரையும் மொத்தமா மாத்தறது பத்தி ரெண்டு வார்த்தை போதும். பழைய போர்டுல அதிகமா சூடு வச்சா காப்பர் ட்ராக் பெயர்ந்து வந்துடும், இன்புட்ல ஜோடியா இருக்கற டிரான்சிஸ்டர மேட்ச் பண்ணாம போட்டா ஸ்பீக்கர் அவுட்புட்ல இருக்கக்கூடாத டிசி வோல்டேஜ் ஏறும், மார்க்கெட்ல டூப்ளிகேட் வேற. எது போச்சுன்னே தெரியாம எதுக்கு இத்தன வேல?

ஹேர் ட்ரையர் வீட்லயே இருக்கு, செலவில்ல. ஆனா அது ஊதினா சுத்தி இருக்கற பத்து பார்ட்ஸும் சேர்ந்து சூடாகுது, கரகரப்பு வந்துச்சுன்னா பத்துல எதுன்னு யார் சொல்றது? கோளாற வரவழைக்க மட்டும் அது போதும், மூடி திறந்ததும் ஆறிப்போற செட்டுக்கு அது ரொம்பவே உதவி.

ஸ்ப்ரே ஜெயிக்கறது இந்த இடத்துலதான். முதல்ல வால்யூம ஜீரோல வச்சுப் பாருங்க, அப்பவும் சத்தம் வந்தா கோளாறு வால்யூம் கன்ட்ரோலுக்கு அப்புறம்தான், பாதி போர்டு கழிஞ்சுது. அப்புறம் கரகரத்துக்கிட்டு இருக்கும்போதே மெல்லிசான ட்யூப மாட்டி ஒரு டிரான்சிஸ்டர் தலையில மட்டும் சின்னதா ஒரு புஸ், பக்கத்துல இருக்கறதுக்கு ஒரு அட்டைத்துண்ட மறைப்பா வச்சுக்கோங்க. டக்குன்னு சத்தம் நின்னா அதான் சந்தேகப் பேர்வழி. அதோட விடாதீங்க, அதே டிரான்சிஸ்டர் கால சோல்டரிங் அயர்ன் நுனியால லேசா தொட்டு சூடேத்துங்க, சத்தம் திரும்பி வந்தா ஆள் ஏறக்குறைய மாட்டின மாதிரிதான். ஏறக்குறையன்னு சொல்றதுக்குக் காரணம் டிரை சோல்டர், அதாவது சரியாப் பிடிக்காத ஈயப் பத்து, அதுவும் குளிர்ந்தா சுருங்கி இதே ஆட்டம் காட்டும், மரக்குச்சியால மெதுவா தட்டிப் பாத்து சத்தம் மாறுச்சுன்னா அந்த இடத்த ஒரு தடவ ஈயம் வச்சாலே போதும். எனக்கு மாட்டினது 2எஸ்சி458ங்கற டிரான்சிஸ்டர், கால் கறுத்துப்போய் சத்தம் போடறதுல பேர் வாங்கின பழைய நம்பர்தான்.

சென்னை மாதிரி ஈரக்காத்து ஊர்ல அடிச்ச இடத்துல தண்ணி கோத்துக்கும், அந்த ஈரத்துலயே புது சத்தம் வரும். காயற வரைக்கும் அடுத்த பார்ட்டுக்குப் போகாதீங்க. வால்வ் செட்ல (டிரான்சிஸ்டருக்கு பதிலா கண்ணாடிக் குழாய் இருக்கறது) நான் இத செஞ்சதில்ல, ஆனா சூடான கண்ணாடியில பட்டா விரிசல் விடும்ங்கறதால அந்தப் பக்கமே கொண்டுபோகாதீங்க. வாங்கறப்போ டப்பாவப் படிச்சுப் பாத்து தீப்பிடிக்காத ரகமா எடுங்க, பியூட்டேன் கலந்தத ஆன்ல இருக்கற செட்ல அடிக்கறது விபரீதம்.