தையல் இல்லாத பந்து: பொங்கல் போட்டியில் ஒரு சீசன் ஆடிய அனுபவம்

விலை 2,350 ரூபாய். ஐந்தாம் நம்பர் கால்பந்து, மேல்தோல் 12 பேனல், அதாவது 12 துண்டு, தையலே கிடையாது, எல்லாம் சூட்டில் ஒட்டியது. கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் கீழே நிறையத் திட்டியிருக்கிறேன், அதில் பாதித் திட்டு நியாயமாகப் பார்த்தால் எங்களுக்கே சேர வேண்டியது.

நீடாமங்கலம் பக்கம், வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் எங்கள் ஊர். தை மாதம் ஊர்த் திடலில் மின்னொளியில் எழுவர் கால்பந்து நடத்துகிறோம். சுழற்கோப்பை, ரொக்கப் பரிசு, மைக்செட், விடிய விடிய பரோட்டாக் கடை, எல்லாம் உண்டு. இத்தனை வருஷமும் ஆடியது 32 துண்டு வைத்துக் கையால் தைத்த பந்து. 12 ஐங்கோணம் கறுப்பு, 20 அறுகோணம் வெள்ளை. 1970 மெக்சிகோ உலகக் கோப்பைக்கு டெல்ஸ்டார் என்று வந்த அதே அச்சு. அப்போது கறுப்பு வெள்ளை டிவியில் பந்து பளிச்சென்று தெரிய வேண்டுமென்று அந்த நிறத்தில் செய்தார்களாம். நம் ஊரில் இன்றைக்கும் சின்னப் பையனிடம் பந்து வரையச் சொன்னால் அதைத்தான் வரைவான்.

இந்தத் தடவை கமிட்டிக்குப் புதுப் பந்து ஆசை வந்ததற்குக் காரணம் ட்ரையோண்டா. அமெரிக்கா, கனடா, மெக்சிகோவின் 2026 உலகக் கோப்பைக்கு அடிடாஸ் செய்த பந்து, மொத்தமே நாலு பேனல். உலகக் கோப்பைப் பந்துகளிலேயே இதுதான் குறைச்சல். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் செயலாளர் "நாமளும் எத்தன நாளைக்குண்ணே தச்ச பந்தையே ஒதைக்கிறது" என்று ஆரம்பித்தார். நிஜ ட்ரையோண்டா நம் பட்ஜெட்டுக்கு எட்டாது. அதே மாதிரி ஒட்டுப் பந்து ஒன்றை ஆன்லைனில் வாங்கினோம். ஆர்டர் போட்டது நான். அதனால் பிறகு நடந்ததற்கெல்லாம் பொறுப்பும் நான்.

பிரித்துக் கையில் எடுத்ததும் பிடித்துத்தான் போனது. உருண்டை என்றால் உருண்டை, சிமெண்டுத் தரையில் உருட்டிவிட்டால் கோணாமல் போகிறது. பழைய பந்தின் தையலில் நகத்தை ஓட்டினால் ஒவ்வொரு முடிச்சிலும் டக் டக் என்று மாட்டும். இதில் பேனலும் பேனலும் சேருகிற மூட்டு மேல் நகம் போனதே தெரியவில்லை, பீங்கான் தட்டைத் தடவுகிற மாதிரி இருந்தது. அன்றைக்கு அதைப் பெருமையாக எல்லோருக்கும் தடவிக் காட்டினேன். வினையே அந்த வழவழப்பில்தான் இருந்தது.

கால் இறுதி. ராத்திரி பத்தரை மணி, நல்ல பனி. எதிரணி திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பையன்கள். கோலுக்கு முன்னால் இருக்கிற பெனால்டி பெட்டிக்கு வெளியே ஃப்ரீ கிக். ஓடி வந்தவன் வளைக்கவெல்லாம் இல்லை, நடுவில் ஒரே அடி, பந்து சுழலவே இல்லை. எங்கள் கீப்பர் நேராக நெஞ்சுக்குக் கையை வைத்து நின்றான். கடைசி இரண்டு கஜத்தில் பந்து இடது பக்கம் ஒரு நழுவு நழுவி, அவன் முழங்கையில் பட்டு உள்ளே போய்விட்டது. கூட்டம் அவனைப் பார்த்துச் சிரித்தது. அவன் பந்தை எடுத்து வந்து என் முன்னாடி வைத்து, "பேய்ப் பந்துண்ணே இது, நீங்களே நில்லுங்க" என்றான்.

பேய் இல்லை. வெண்ணாற்று மதகுத் தூணுக்குப் பின்னால் தண்ணீர் சுழிக்கிறதைப் பார்த்திருப்பீர்கள், பறக்கிற பந்துக்குப் பின்னாலும் காற்று அப்படித்தான் சுழிக்கும். மெதுவாகப் போகும்போது காற்று பந்தின் தோலை விட்டுச் சீக்கிரமே பிரிந்துவிடும், பின்னால் சுழிப்பு பெரிதாக இருக்கும். வேகமாகப் போகும்போது தோலை ஒட்டியபடியே பின்பக்கம் வரை வந்துதான் பிரியும், சுழிப்பு சின்னதாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே ரெண்டுங்கெட்டான் வேகம் ஒன்று இருக்கிறது. அதில் பந்தின் ஒரு பக்கம் காற்று ஒட்டிக்கொண்டும் மறுபக்கம் பிரிந்துகொண்டும் கிடக்கும், பந்தைப் பக்கவாட்டில் தள்ளும். சுழல்கிற பந்து ஒரே பக்கமாக வளையும், கீப்பர் கணக்குப் போட்டுவிடலாம். சுழலாத பந்தில் மூட்டு இருக்கிற முகம் மெல்லத் திரும்பத் திரும்ப, தள்ளுகிற பக்கமும் மாறும்.

அந்த ரெண்டுங்கெட்டான் வேகம் எவ்வளவு என்பதைத் தோலும் தையலும்தான் தீர்மானிக்கின்றன. சொரசொரப்பு அதிகமென்றால் அது குறைந்த வேகத்திலேயே வந்து போய்விடும், வழவழப்பென்றால் மேலே ஏறிவிடும். 2010 தென்னாப்பிரிக்க உலகக் கோப்பையின் ஜபுலானி பந்துக்கு 8 பேனல், ஒட்டின மூட்டு. கீப்பர்கள் கதறினார்கள், பிரேசிலின் ஜூலியோ சீசர் சூப்பர் மார்க்கெட்டில் விற்கிற பந்து என்றே சொல்லிவிட்டார். நாசாவின் ஏம்ஸ் மையத்தில் ரபி மேத்தா என்கிற விஞ்ஞானி குழுவினர் சோதித்துப் பார்த்தபோது ஜபுலானி தள்ளாடுகிற வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் இருந்தது. பெட்டிக்கு வெளியிலிருந்து பெரிய ஆட்டக்காரன் அடிக்கிற ஃப்ரீ கிக்கின் வேகமும் ஏறக்குறைய அதுதான். 2014 உலகக் கோப்பைப் பந்தான பிரசூக்காவில் பேனலை 6 ஆகக் குறைத்தார்கள், ஆனால் மூட்டை நீளமாக்கிப் பள்ளத்தை ஆழமாக்கினார்கள். தள்ளாடுகிற வேகம் 50 பக்கம் இறங்கியது, அந்த மெதுவான பந்தைக் கீப்பர் எப்படியும் பிடித்துவிடுவார். ட்ரையோண்டாவிலும் பேனல் நாலுதான் என்றாலும் மூட்டை வேண்டுமென்றே ஆழமாக வைத்திருக்கிறார்கள், தோலில் மேடுபள்ளமாக உருவங்கள் வேறு. ஆகவே பேனல் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள். நகத்தை ஓட்டிப் பாருங்கள். நான் ஓட்டினேன், புரிந்துகொள்ளத்தான் இல்லை.

எங்கள் பையன்கள் காலில் 80 வருமா என்று சிரிப்பவர்களுக்கு: வரும். எப்படியென்றால் இன்னொரு கூத்து நடந்திருக்கிறது. காற்று அடித்தது சைக்கிள் கடையில். ஊசியை எச்சில் தொட்டு வால்வில் சொருகி, பம்பை நாலு மிதி மிதித்து, கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து "கல்லு மாதிரி இருக்கு, போ" என்று கொடுத்துவிட்டார். தைத்த பந்துக்கு அந்தக் கட்டை விரல் கணக்கு சரிப்பட்டது, ஏனென்றால் நூல் கொஞ்சம் கொடுக்கும். மறுநாள் உடற்கல்வி ஆசிரியரிடம் காற்றழுத்தம் பார்க்கிற கேஜ் வாங்கி வைத்துப் பார்த்தால் முள் 15 பிஎஸ்ஐயைத் தொட்டு நிற்கிறது. விதிப் புத்தகத்தில் 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ வரை செல்லும், அதனால் கள்ளப் பந்து என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வால்வு பக்கத்தில் பொடி எழுத்தில் 0.6 முதல் 0.8 பார் என்று கம்பெனிக்காரன் அச்சடித்தே இருக்கிறான். பிஎஸ்ஐ கணக்கில் போட்டால் அதிகபட்சம் 11.6. காய்ந்த களிமண் திடலில் அந்தக் கல்லுப் பந்து குத்துப்பட்டால் தலைக்கு மேலே போகாமல் என்ன செய்யும்? 10க்கு இறக்கிய பிறகு காலில் நின்றது, முதல் தொடுகையிலேயே நான்கடி எகிறிப் போகிற சங்கடம் தீர்ந்தது, தள்ளாட்டமும் குறைந்தது. முழுக்கப் போகவில்லை.

பனி விஷயத்தில் பந்துக்கு நல்ல மார்க். தைத்த பந்தில் ஊசி ஓட்டை வழியாக ஈரம் உள்ளே இறங்கிவிடும், இரண்டாவது பாதியில் தலையால் முட்டினால் செங்கல் விழுந்த மாதிரி இருக்கும், தையலில் களிமண் அப்பிக்கொள்ளும். இது ராத்திரி ஒரு மணி ஆட்டத்திலும் அதே எடை. துண்டால் ஒரு துடை, புதுசு. ஆனால் மேலே நனைந்தால் விரால் மீன் மாதிரி வழுக்குகிறது. வெறுங்கையோடு நிற்கிற கீப்பருக்கு இது பெரிய கொடுமை, நம் பக்கம் பாதிக் கீப்பர் வெறுங்கைதான். பந்து வாங்குகிற காசில் இருநூறு முந்நூறு ஒதுக்கி ஒரு ஜோடி கிளவுஸ் சேர்த்து வாங்குங்கள்.

அரை இறுதியில் சண்டையே வந்துவிட்டது. வலங்கைமான் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இந்தப் பந்தில் ஆட மாட்டோம், நீங்கள் மட்டும் மார்கழி முழுக்க உதைத்துப் பழகியிருக்கிறீர்கள் என்றார்கள். பழகியது பத்து நாள்தான், இருந்தாலும் அவர்கள் சொன்னது நியாயம். கடைசியில் முதல் பாதி புதுப் பந்து, இரண்டாம் பாதி அவர்கள் கொண்டுவந்த தையல் பந்து என்று முடிவானது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 1930ல் மான்டிவீடியோவில் நடந்த முதல் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்திலேயே இதே பஞ்சாயத்து நடந்திருக்கிறது. முதல் பாதி அர்ஜென்டினாவின் பந்து, அவர்கள் 2-1 முன்னிலை. இரண்டாம் பாதி உருகுவேயின் பந்து, உருகுவே 4-2 என்று கோப்பையைத் தூக்கியது. எங்களுக்கு நேர்ந்ததும் கிட்டத்தட்ட அர்ஜென்டினா கதைதான், விவரம் வேண்டாம். ஜபுலானியைத் திட்டியவர்கள் இருந்த அதே 2010ல் உருகுவேயின் ஃபோர்லான் அதே பந்தில் 5 கோல் போட்டு, தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து விருதையும் வாங்கிப் போனதை எங்கள் கீப்பரிடம் சொல்லிப் பார்த்தேன். "அவரு கோல் போடுறவரு, நான் வாங்குறவன்" என்றான். பதில் இல்லை.

நடுவில் ஒரு ஆஃப்சைடு தகராறில் அரை மணி நேரம் போனது. 2022 கத்தார் உலகக் கோப்பையில் ஆடிய அல் ரிஹ்லா பந்துக்குள், அதன் அசைவை வினாடிக்கு 500 தடவை கணக்கெடுக்கிற சென்சார் இருந்தது, உருகுவேக்கு எதிராக ரொனால்டோ தன் தலையில் பட்டது என்று கொண்டாடிய கோலை, படவே இல்லை என்று சொன்னது அதுதான். ட்ரையோண்டாவில் அதை நடுவிலிருந்து எடுத்து ஒரு பேனலுக்குள் வைத்து, எடை சரியாக இருக்க மற்ற மூன்றிலும் ஈடு வைத்திருக்கிறார்கள். எங்கள் லைன்ஸ்மேன் அன்றைக்குப் பரோட்டா வாங்கப் போயிருந்தார்.

சரி, உழைப்புக்கு வருவோம். போட்டி முடிந்து மாசியில் அறுத்த வயலில் பையன்கள் இதை வைத்து ஆட ஆரம்பித்தார்கள். நான் வேண்டாமென்றுதான் சொன்னேன். நெல் தாள் ஈட்டி மாதிரி நிற்கிற தரையில் மேல்தோல் மூன்றே வாரத்தில் வெளுத்து, ஒரு பேனலின் ஓரம் கோழி ரோமம் மாதிரி தூக்கிக்கொண்டது. பிறகு வரப்போரம் கருவ முள். தைத்த பந்தென்றால் பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைக்கிற பெரியவர் நாலு முடிச்சு அவிழ்த்து, ப்ளாடரை வெளியே இழுத்து, பஞ்சர் ஒட்டி, மெழுகு நூலால் மறுபடி தைத்து எழுபது ரூபாயில் தந்துவிடுவார். இதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். "இதுல ஊசிய எங்க தம்பி விடுறது?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வாங்கலாமா என்றால், புல் இருக்கிற மைதானம், அல்லது நெருஞ்சி முள் பொறுக்கிச் சுத்தமாக வைத்திருக்கிற திடல், ராத்திரி ஆட்டம், கையில் கேஜ் இருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம், கொடுத்த காசுக்கு உருண்டையும் எடையும் மாறாமல் நிற்கிறது. வயலிலும் ஆற்று மணலிலும் தினப் பயிற்சி என்றால் 750 ரூபாய்த் தையல் பந்தில் மூன்று வாங்கிப் போடுங்கள். போட்டி நடத்துகிறவர்கள் நோட்டீஸ் அடிக்கும்போதே எந்தப் பந்து என்பதையும் அதில் போட்டுவிடுங்கள், வருகிற அணி ஒரு மாதமாவது அதில் உதைத்துப் பார்க்கட்டும்.

அடுத்த வருஷத்துக்குப் பந்து பார்க்கிற பொறுப்பை கமிட்டி என்னிடமிருந்து பிடுங்கிக் கீப்பரிடம் கொடுத்துவிட்டது. கார்த்திகையிலேயே பந்து தன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறான். போன வாரம் மன்னார்குடியில் ஒரு கடையில், அலமாரியில் இருந்த பந்தையெல்லாம் இறக்கிப் போட்டு ஒவ்வொன்றாக நகத்தை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தானாம். கடைக்காரர் எனக்கு போன் பண்ணி, "உங்க ஆளுதானே, கொஞ்சம் வந்து கூட்டிட்டுப் போங்க" என்றார்.