கல்ச்சரா, பிசிஆரா?

வளரும் நாடுகளில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கை ஆராய்பவர்களுக்கு இரண்டு வழிகள்: மலத்திலுள்ள கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்ப்பது (இதுதான் கல்ச்சர்), அல்லது பிசிஆர் மூலம் அதன் மரபணுவைத் தேடுவது.

கண்டுபிடிப்பதில் பிசிஆர்தான் முன்னே நிற்கிறது. ஷிகெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி, கல்ச்சர் செய்ய ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள்ளேயே செத்துப்போகக்கூடியது. முன்பே ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஆப்பிரிக்கா, தெற்காசியாவில் ஏழு இடங்களில் 2007 முதல் 2011 வரை குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பற்றி நடந்த ஜெம்ஸ் ஆய்வின் மாதிரிகளைப் பிசிஆரில் மறுபடி சோதித்தார்கள். ஷிகெல்லாவின் பங்கு முதலில் கல்ச்சரை வைத்துக் கணித்ததைப் போல் சுமார் இரண்டு மடங்கு என்று 2016இல் தெரியவந்தது.

ஆனால் பிசிஆர் கொஞ்சம் அதிகப்பிரசங்கி. நோயே இல்லாத குழந்தையிடமும் கிருமியைக் காட்டும். அதனால் எவ்வளவு இருக்கிறது என்றும் அளக்க வேண்டும்.

மருந்து எதிர்ப்பு என்று வந்தால் என் ஓட்டு கல்ச்சருக்குத்தான். வளர்ந்த கிருமிக்குப் பக்கத்தில் சிப்ரோஃப்ளாக்சசினையோ அசித்ரோமைசினையோ வைத்தால், மருந்துக்கு அடங்குகிறதா இல்லையா என்று நேராகத் தெரிந்துவிடும். பிசிஆர் எதிர்ப்பு மரபணுவைக் காட்டினாலும், அது ஷிகெல்லாவுடையதா, குடலில் சும்மா கிடக்கும் ஈ.கோலையுடையதா என்று பெரும்பாலும் சொல்லாது.

செலவு? கல்ச்சருக்கு இரண்டு மூன்று நாள் பொறுமையும் கைதேர்ந்த ஆளும் வேண்டும். பிசிஆருக்கு விலை கூடிய வேதிப்பொருளும் தடையில்லா மின்சாரமும்.